நோயாளியின் மொழி

வைத்தியம் கண்ணினாலும் கையினாலும் கருவிகளாலும் நடைபெறும் கலை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அது முதற்கண் செவியினால் நடைபெறுவது என்பதைச் சென்ற கோடை விடுமுறையிலே ஓர் ஆஸ்பத்திரியில் கற்றோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். ஆங்கு எமக்கு ஒரு வேலை இருந்தது. அவ்வேலையை யாம் முதலிற் பிழைபடச் செய்தோம். அப்பிழையினின்றும் கற்ற பாடத்தை நம் கல்லூரி மாணாக்கர் முன்னே வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் ஊர் சேத்தூர். இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது. நூல்களில் சேற்றூர் என்று வழங்குவதும், சேற்றூர்க் கவிராயர் என்னும் புலவர் பரம்பரையால் தமிழ் மாணாக்கர் அறிந்திருப்பதும் இவ்வூரேயாகும். எம் பெரியம்மையின் மகனாரும், யாம் அண்ணன் என்று அழைப்பவருமான ஒருவர் உயிர்மருத்துவம் பயிலும் மாணாக்கர். விடுமுறையில் ஆறு வாரம் எங்கள் பகுதியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் பின் நின்று அவர்கள் தொழிலைக் கண்டு பயிலவும், நீரிழிவு நோயாளரின் பாத உணர்ச்சியைக் குறித்து ஆங்கு நடைபெற்ற ஆராய்ச்சியில் உதவி செய்யவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. நோயாளர்க்குப் படித்துக் காட்ட வேண்டிய சம்மதப் பத்திரமும் வினாத்தாளும் ஆங்கிலத்தில் இருந்தன. "நீ தமிழ் படிக்கிறாயே, இவற்றைத் தமிழாக்கித் தா" என்று அண்ணன் கேட்டார். யாமும் உவகையோடு இசைந்து, அவருடன் நாள்தோறும் சென்று வரலானோம்.

முதல் வாரம் முழுவதும் பெரிய டாக்டரின் பின்னே நின்று பார்த்தலே எங்கள் வேலை. நோயாளர் ஒவ்வொருவரிடமும், "இவர்கள் படிக்கிற பிள்ளைகள், உடன் நிற்கலாமா?" என்று அவர் கேட்ட பின்னரே நாங்கள் உள்ளே நிற்பது வழக்கம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வெளியே சென்றுவிடுவோம். அவர் நோயறியும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலிற் கேட்டல், பின்பு பார்த்தல், அதன்பின் தொடுதல், மார்பிலும் வயிற்றிலும் விரலால் தட்டிப் பார்த்தல், ஈற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டல். இரத்தப் பரிசோதனையும் படம் எடுத்தலும் இவற்றிற்கெல்லாம் பிற்பட்டனவே.

கேட்டலுக்கு ஏன் முதலிடம் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். ஒருவர் வந்து, "மயக்கமா வருது" என்கிறார். வீடும் சுவரும் தம்மைச் சுற்றி வருவதுபோல் தோன்றுவதும் அவர்க்கு மயக்கமே. எழுந்து நின்றதும் கண் இருண்டு வருவதும் மயக்கமே. நினைவு தப்பி விழுவதும் மயக்கமே. பசியால் வரும் சோர்வும் மயக்கமே. இவற்றுள் முதலாவது பெரும்பாலும் உட்செவியின் கோளாறு. இரண்டாவது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்வதனால் நேர்வது. மூன்றாவது இருதயத்தையோ மூளையையோ பற்றியதாக இருத்தல் கூடும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்க்கு நான்காவது, சர்க்கரை அளவு மிகக் குறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஒரே சொல், நோய்கள் நான்கு. "எப்படி வருது, சொல்லுங்க" என்று மேலும் ஒரு கேள்வி கேளாத வைத்தியர் பிழையான நோய்க்கு மருந்து எழுதிவிடுவார். சொற்பொருள் ஆராய்ச்சி நம் வகுப்பறையில் மாத்திரம் நடைபெறுவதென்று எண்ணியிருந்த எமக்கு இது பெருவியப்பாயிருந்தது.

நிற்க. யாம் செய்த மொழிபெயர்ப்பைக் கூறுவோம். கவிராயர்கள் வாழ்ந்த ஊரிற் பிறந்தோம் என்னும் பெருமிதம் எம் எழுதுகோலில் இருந்தது. வடசொற் கலவாமலும், வழூஉச்சொல் புகாமலும், இரவு பகலாக உழைத்து எழுதினோம். "இவ்வாய்வின்கண் பங்கேற்றற்குத் தாங்கள் மனமுவந்து இசைவு நல்குகின்றீர்களா?" என்பது சம்மதப் பத்திரத்தின் வாசகம். "தங்கள் உள்ளங்கால்களில் உணர்விழப்பு நேர்ந்துள்ளதா?" என்பது முதல் வினா. அண்ணன் படித்து, "நன்றாயிருக்கிறது" என்றார். எமக்கும் நன்றாயிருந்தது.

மறுநாட் காலையில் வந்தவர் எழுபது வயதை அணுகிய ஒரு பாட்டி. பருத்திக் காட்டில் நெடுங்காலம் உழைத்தவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். யாம் எழுதியதை யாமே படித்துக் காட்டும் பேறு எமக்குக் கிடைத்தது. பாட்டி இறுதிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கீக?" என்று கேட்டார். அருகிருந்தோர் நகைத்தனர். யாம் வெட்கத்தை அடக்கிக்கொண்டு முதல் வினாவை மீண்டும் படித்தோம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லி, கட்டை விரலை நீட்டி, "எங்க கைநாட்டு வைக்கணும்?" என்றார். யாம் வினாத்தாளில் 'இல்லை' என்று குறித்து, மைப்பெட்டியைத் திறந்தோம்.

அப்பொழுது பெரிய டாக்டர் எம் கையைத் தடுத்தார். அருகில் அமர்ந்து, "பாட்டி, நடந்து போகும்போது கால்ல இருந்து செருப்பு கழன்று போனது தெரியாமலே போயிருக்கா?" என்று கேட்டார். பாட்டி உடனே, "அது அடிக்கடி நடக்குதே ஐயா. வீட்டுக்கு வந்து பாத்தா ஒத்தச் செருப்புத்தான் இருக்கும்" என்றார். "கால் மரத்த மாதிரி இருக்கா? மெத்தையில நடக்கிற மாதிரி? எறும்பு ஊருற மாதிரி?" "மரத்துத்தான் கெடக்கு; ராத்திரி எரியவும் செய்யும்." டாக்டர் பாட்டியின் இடது காலை மெல்ல உயர்த்தி உள்ளங்காலைப் பார்த்தார். குதிகாலுக்குச் சற்று முன்னே ஒரு கருவேல முள் ஒடிந்து உள்ளே கிடந்தது. அதைச் சுற்றிச் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. அது எப்பொழுது தைத்தது என்பதே பாட்டிக்குத் தெரியாது.

முள்ளை எடுத்துப் புண்ணைத் துடைத்துக் கட்டிய பின்னர் டாக்டர் எம்மை வெளியே அழைத்துச் சென்றார். கடிந்துகொள்வார் என்று அஞ்சினோம்; கடியவில்லை. "உன் தாளில் இல்லை என்று இருக்கிறது, காலில் முள் இருக்கிறது. எதை நம்புவது?" என்று மட்டும் கேட்டார். சிறிது நேரங் கழித்து, "விளங்காமல் வைத்த கைநாட்டுச் சம்மதமாகாது, அது மரியாதைக்காக வைத்த கைநாட்டு" என்றார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவர் தடுத்திராவிடின் ஆராய்ச்சியில் ஒரு பொய் ஏறியிருக்கும். அதனினும் கொடிது, பாட்டி முள்ளோடு வீடு சென்றிருப்பார்.

வலி தெரியாத கால் எத்துணை அபாயமானது என்பதை உலகிற்கு விளக்கிய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே தோன்றியது என்பதைப் பின்னரே அறிந்தோம். டாக்டர் பால் பிராண்ட் என்பார் 1914இல் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர்; 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் நிலையத்தைப் பார்க்குமாறு அதன் தலைவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்தார். ஆங்கு விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றிய பொழுது, அப்பிடி அவர்க்கு வலிக்குமளவு இறுகியிருந்தது. அந்நோயாளிக்கோ தாம் அழுத்துவதே தெரியவில்லை. தொழுநோயால் தசை அழுகி விரல் உதிர்கிறது என்று அக்காலத்தில் யாவரும் நம்பியிருந்தனர். அழுகிய தசைக்கு இத்துணை வலிமை ஏது என்று அவர் சிந்தித்தார். அவரும் அவரைச் சேர்ந்தோரும் நோயாளரின் அன்றாட வாழ்க்கையை உடனிருந்து கவனித்து, விரல்கள் நோயினால் உதிர்வதில்லை என்றும், சுடுபாத்திரத்தைப் பற்றுதல், ஆணியை மிதித்தல் முதலிய காயங்களை உணராமையினாலேயே சிறிது சிறிதாக அழிகின்றன என்றும் கண்டனர். நல்ல தசைநாரை மாற்றி அமைத்து மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை முறையும், பாதத்தைக் காக்கும் மிருதுவான ரப்பர்ச் செருப்பும் இவ்வாராய்ச்சியின் பயனாகும். தொழுநோயைப் பன்மருந்துக் கூட்டுச் சிகிச்சையால் முற்றிலும் குணப்படுத்தலாம் என்பதும், அம்முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கன.

இவர் 1966இல் அமெரிக்க நாட்டிலே கார்வில் என்னும் ஊரிலிருந்த தொழுநோய் நிலையத்திற்குச் சென்று பணியாற்றினார். அந்நிலையத்தாரின் ஆராய்ச்சி ஒன்று 1986இல் வெளிவந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதம் உணர்கின்றதா என்று பார்ப்பதால், புண் வரக்கூடிய பாதத்தைப் பிரித்தறியலாம் என்பதை அது காட்டிற்று. அவ்விழையே எங்கள் ஆஸ்பத்திரியில் அண்ணன் கையில் இருந்தது. வேலூரிலும் செங்கற்பட்டிலும் தொழுநோயாளரின் கையைப் பற்றிப் பார்த்ததில் தொடங்கிய அறிவு, சேத்தூர்ப் பக்கத்துச் சர்க்கரை நோயாளர்க்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அச்சோதனையைச் செய்யும் முறை எளிது. முதலில் இழையை நோயாளியின் கையில் தொட்டுக் காட்டி, "இப்படித்தான் இருக்கும்" என்று அறிவித்தல் வேண்டும். பின்பு அவர் கண்ணை மூடியிருக்க, காற்பெருவிரலின் அடியிலும் முன்பாதத்தின் சில இடங்களிலும் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையுமளவு அழுத்தி எடுத்தல் வேண்டும். காய்ப்புக் கட்டிய இடத்தையும் புண்ணையும் விலக்குக. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. "இப்போ தெரியுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் நம் மக்கள், டாக்டர் மனம் நோகலாகாது என்னும் மரியாதையால், "தெரியுது ஐயா" என்றே சொல்லிவிடுவர். ஆதலால் இடையிடையே தொடாமலும் அவ்வாறே கேட்டல் வேண்டும். தொடாத பொழுதும் "தெரியுது" என்பாரேல், அவர் கூறும் மற்ற விடைகளையும் ஐயுற வேண்டும். வினாவும் ஒரு கருவியே. அது கோணலாயின் அளவும் கோணலாம் என்று இதனால் அறிந்தோம்.

இங்ஙனம் எம் பிழையின் அளவு விளங்கிய பின்னர், யாம் வகுப்பிலே பெயரளவில் கேட்டிருந்த ஒருவருடைய வரலாறு எமக்கு உயிர் பெற்றது. அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவிலே பிறந்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். 1848 முதல் மானிப்பாயில் வைத்தியசாலையோடு மருத்துவ வகுப்பும் நடத்தினார். மாணாக்கர் ஆங்கு நோயாளரைப் பார்த்தே வைத்தியம் பயின்றனர். முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றோர் சம்பளம் மிகுந்த உத்தியோகங்களை நாடிச் செல்வர், தமிழிற் கற்றோர் தம் மக்களிடையே தங்கித் தொழில் புரிவர் என்பது அவர் கருத்து. அதற்கு வேண்டிய நூல்கள் தமிழில் இல்லை. ஆகவே தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பி 1884இல் காலஞ்சென்றார். மானிப்பாயில் இன்றும் ஒரு வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இந்நூற்பெயர்களை நோக்குக. இரணம் என்பது புண்ணுக்கு அக்காலத்துப் பொதுமக்கள் வழங்கிய சொல். அதனை அப்படியே எடுத்துக்கொண்டார். உடற்கூற்று நூலுக்கு வடசொல்லைக் கொண்டார். ரசாயன நூலுக்கோ ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திருத்திக் 'கெமிஸ்தம்' என்றார். இவற்றுள் இன்று வழக்கில் நில்லாதனவும் உண்டு. ஆயினும் அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி நிலைத்து நிற்பது. 'இச்சொல் அழகியதா?' என்பதன்று அக்கேள்வி. 'இச்சொல்லால் இவனுக்கு விளங்குமா?' என்பதே. பிற நாட்டில் பிறந்து தமிழைக் கற்ற அவர் இதனைக் கேட்டார். தமிழிற் பிறந்த யாம் கேட்டோமல்லேம்.

எனவே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு வழியிற் புகுந்தோம். மூன்று நாள் எழுதுகோலைத் தொடாமல், மருந்து வாங்கும் வரிசையில் நின்றோரிடம் அவரவர் கால் எப்படி இருக்கிறதென்று கேட்டு, அவர்கள் கூறிய சொற்களைக் குறித்துக்கொண்டோம். மரத்துப் போச்சு, மதமதன்னு இருக்கு, சுருக்குச் சுருக்குன்னு குத்துது, திகுதிகுன்னு எரியுது, மண்ணு மிதிச்சாத் தெரியல என்று அவர்கள் கூறினர். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு உணர்ச்சியைக் குறிப்பன. யாம் எழுதிய 'உணர்விழப்பு' என்னும் ஒரு சொல்லுள் இவை அடங்கா. இச்சொற்களைக் கொண்டு வினாக்களை எழுதினோம். பின்பு, மூல ஆங்கிலத்தைப் பாராத வேறொருவரைக் கொண்டு எம் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டோம். இதனை மீள்மொழிபெயர்ப்பு என்பர். ஆராய்ச்சித் துறையில் இது வழக்கமான முறையாகும். இரண்டு வினாக்கள் பொருள் மாறித் திரும்பி வந்தன, அவற்றைத் திருத்தினோம்.

சம்மதப் பத்திரத்திற்கு இன்னும் கூடிய கவனம் வேண்டியிருந்தது. மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு அவர் மனமொப்பிய சம்மதம் இன்றியமையாதது என்பதை உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம் வலியுறுத்துகிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும், நோயாளிக்கு விளங்கும் மொழியில் அவர்க்கு யாவும் கூறப்படல் வேண்டும் என்றும், எழுத்தறியாதார் கைநாட்டு வைக்குமிடத்து நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. யாம் புதிதாக எழுதிய பத்திரம் இவ்வாறு தொடங்கிற்று: "உங்கள் கால் உணர்ச்சியைச் சோதித்து, அதை ஒரு படிப்புக்காக எழுதி வைக்கப் போகிறோம். ஊசி இல்லை, செலவு இல்லை. இஷ்டம் இருந்தால் சேரலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்; நடுவில் நிறுத்தவும் செய்யலாம். அதனால் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது." இலக்கண ஆசிரியர் இதற்கு எத்துணை மதிப்பெண் அளிப்பாரோ அறியோம்.

இரு வாரங் கழித்துப் பாட்டி புண்ணைக் காட்ட வந்தார். புண் ஆறி வந்தது. "கல்யாணப் பத்திரிகை வாசிச்ச தம்பியா?" என்று எம்மை அடையாளங் கண்டுகொண்டார். புதிய பத்திரத்தை மெல்லப் படித்துக் காட்டினோம். இம்முறை அவர் விரலை நீட்டவில்லை. சற்று யோசித்து, "நான் மாட்டேன்னா மாத்திரை குடுப்பீகளா, மாட்டீகளா?" என்று கேட்டார். "கொடுப்போம் பாட்டி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை." "என் பேரு வெளிய வருமா?" "வராது பாட்டி." "அப்பச் சரி. மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். கையெழுத்துக் கிடைக்கவில்லையே என்று யாம் வருந்தி நின்றோம். பெரிய டாக்டரோ, "இன்றைக்குத்தான் உன் தமிழ் தேறியிருக்கிறது" என்றார். விளங்கினவரே கேள்வி கேட்பர். கேள்வி கேட்பவரே மறுக்கவும் வல்லர். மறுக்க வல்லவர் தரும் சம்மதமே சம்மதம் என்பதை அப்பொழுது உணர்ந்தோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தியத்தின் நான்கு உறுப்புகள் எண்ணப்படுகின்றன. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. அவற்றுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டுள்ளான். தேர்வுக்காகப் பலமுறை படித்த யாம், அவ்வரிசையின் பொருளை ஆஸ்பத்திரித் திண்ணையில்தான் கண்டோம்.

நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். நீங்கள் நாளை ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சிச்சாலைகளிலும் நிற்பீர்கள். நோயாளியின் சொல்லை உங்கள் சொல்லாக மாற்றிக் குறிக்கும் முன், அவர் சொன்ன சொல்லையே ஒருமுறை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் பயிலும் நண்பர்களுக்கும் ஒன்று கூறுவோம். செந்தமிழைக் கற்பது நம் கடமை. அதில் யாம் பின்வாங்குவோமல்லேம். ஆனால் வாயிலில் வரிசையாக நிற்கும் மக்களின் தமிழும் நாம் கற்க வேண்டிய பாடமே. மருந்துச் சீட்டும், சம்மதப் பத்திரமும், சிகிச்சைக் குறிப்பும் அவர்க்கு விளங்குமாறு எழுதப்படும் நாள் வரையில் நமக்கு ஆஸ்பத்திரியில் வேலை உண்டு. அடுத்த விடுமுறைக்கு யாம் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். உடன் வர விரும்புவோர் எழுதுகோலோடு நல்ல செவியையும் கொண்டு வருவாராக.